கசானியா மாலையில் ஏன் மூடிக்கொள்கிறது?

காலை பத்து மணிக்குத் தட்டுத் தட்டாய் விரிந்து மின்னும் கசானியாப் பூ, மாலையில் பென்சில் முனைபோல் கூம்பிவிடும். மேகம் மூடினாலும் அப்படித்தான். செடிக்கு நோய் என்று பலர் கவலைப்படுகிறார்கள். அது நோயல்ல, பழக்கம்.

நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு பூங்கொத்து. சூரியகாந்தி, சாமந்தி குடும்பம் இது. ஓரத்தில் இருப்பவை வண்டை அழைக்கும் மலட்டுப் பூக்கள். விதை தருபவை நடுவில் நெருங்கியிருக்கும் சிறு பூக்கள். ஒளியும் வெப்பமும் குறைந்தால் ஓரப் பூக்கள் எழுந்து கூடாரமாகின்றன. தேனீ வராத நேரத்தில் பனியிலும் மழையிலும் மகரந்தம் நனையாமல் காக்கும் ஏற்பாடு இது என்று கருதப்படுகிறது.

இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளைக் கம்பளிபோல் மென்மயிர். இலைத்துளைகளை மூடி, நீர் ஆவியாவதைக் குறைப்பது அதுதான். தென்னாப்பிரிக்காவின் காற்றடிக்கும் கடலோர மணலில் வாழ்ந்த செடிக்கு அந்தப் போர்வை தேவைப்பட்டது.

வளர்க்கும் முறையும் இந்தப் பூர்வீகத்திலேயே இருக்கிறது. தினமும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். செம்மண்ணோடு மணல் கலந்து, 25 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் தேங்கினால் வேர் அழுகும். வாடிய பூக்களைக் காம்போடு கிள்ளினால் புது மொட்டுகள் வரும். செடிக் கொத்து அடர்ந்தால் பிரித்து நடலாம்.

கசானியா வாடுவது பெரும்பாலும் வெயிலால் அல்ல. நாம் அன்போடு ஊற்றும் அதிகத் தண்ணீரால்தான்.