கட்டியதும் அதுவே, அவிழ்ப்பதும் அதுவே!

கல்யாண விருந்து முடிந்த மறுநாள் காலையில் பந்தலைப் பார்த்திருக்கிறீர்களா? முன்பெல்லாம் சஹனில் உணவும் செம்பில் தண்ணீரும் வைத்தோம். விருந்து முடிந்தால் மிஞ்சுவது கழுவ வேண்டிய பாத்திரங்கள் மட்டுமே. இன்றோ பாதி குடித்து எறிந்த தண்ணீர் பாட்டில்களும், மெல்லிய கோப்பைகளும், பொட்டலப் பைகளும் ஒரு குன்றாகக் குவிந்து கிடக்கின்றன. பந்தல்காரர் பந்தலைப் பிரித்து எடுத்துச் சென்றுவிடுவார். இந்தக் குன்றைப் பிரிப்பவர் யார்?

வேதியியல் அறிஞர்கள் இதற்கு ஒரு விடையைத் தேடிக் கொண்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வேறொரு பொருளாக வார்ப்பதன்று அவர்களுடைய நோக்கம். எந்த மூலப்பொருளிலிருந்து அது பிறந்ததோ, அந்த மூலப்பொருளாகவே அதைத் திருப்பிவிட வேண்டும் என்பதே. அதற்குத் துணை நிற்பது வினையூக்கி.

சோறு இனிப்பது ஏன்?

ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் சற்று நேரம் மென்றுகொண்டே இருங்கள். மெல்ல மெல்ல இனிப்புத் தோன்றும். சோற்றிலுள்ள மாவுப்பொருள், சர்க்கரை மூலக்கூறுகள் மணிமாலைபோல் கோக்கப்பட்ட ஒரு நீண்ட சங்கிலியாகும். உமிழ்நீரிலுள்ள நொதி அந்தச் சங்கிலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறது. அதனால்தான் நாவில் இனிப்பு ஊறுகிறது. வெட்டி முடித்த பின்னும் அந்த நொதி தீர்ந்துபோவதில்லை. அடுத்த சங்கிலியை வெட்டப் புறப்பட்டுவிடுகிறது. இவ்வாறு தான் செலவாகாமல் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்துவதே வினையூக்கி.

பிளாஸ்டிக்கும் ஒரு சங்கிலியே. எத்திலீன் என்னும் வாயுவின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நின்றால் அதுவே பாலித்தீன்.

கட்டிய கதை

1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்து வேதியியலார் பாலித்தீனைத் தற்செயலாகக் கண்டனர். அதைச் செய்ய, காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டியிருந்தது. 1953இல் ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர் என்னும் அறிஞர், டைட்டானியச் சேர்மத்தையும் அலுமினியச் சேர்மத்தையும் இணைத்து ஒரு வினையூக்கியை உருவாக்கினார். மாபெரும் அழுத்தம் தேவையற்றுப் போயிற்று. சாதாரண அழுத்தத்திலேயே எத்திலீன் சங்கிலியாகக் கோத்துக்கொண்டது. மறு ஆண்டே இத்தாலியின் ஜூலியோ நாட்டா இம்முறையில் பாலிபுரொப்பிலீனைப் படைத்தார். இருவருக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. பித்தளைக் குடம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குடம் வந்து அமர்ந்ததற்குப் பின்னால் அந்த வினையூக்கி இருக்கிறது.

விளைவு என்ன? 2015ஆம் ஆண்டு வரை உலகம் செய்து குவித்த பிளாஸ்டிக் ஏறத்தாழ 830 கோடி டன் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது. அந்தக் குப்பையில் மறுசுழற்சி பெற்றது 9 விழுக்காடு. எரிக்கப்பட்டது 12 விழுக்காடு. எஞ்சிய 79 விழுக்காடு மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

சம்மட்டியா, சாவியா?

பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும்போது சங்கிலிகள் கண்டபடி அறுந்து வலுவிழக்கின்றன, சாயங்களும் கலந்துவிடுகின்றன. காற்றில்லாக் கலத்திலிட்டு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றுவது மற்றொரு முறை. அப்போது மெழுகும் எண்ணெயும் வாயுவும் கலந்து வருகின்றன. அவற்றை எரிபொருளாக எரித்துவிட்டால், அது மறுசுழற்சி ஆகுமா? இது சம்மட்டியால் பூட்டை உடைப்பதற்கு ஒப்பாகும். வினையூக்கியோ சாவி போட்டுத் திறக்கிறது.

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹார்ட்விக் குழுவினர் 2024இல் அத்தகைய சாவியொன்றை வெளியிட்டனர். அலுமினாவின்மீது படிந்த சோடியம் சங்கிலியை உடைக்கிறது. சிலிக்காவின்மீது படிந்த டங்ஸ்டன் ஆக்சைடு, எத்திலீன் வாயுவின் துணையோடு, அறுந்த முனையிலிருந்து மணி மணியாகக் கழற்றுகிறது. 320 டிகிரி வெப்பத்தில் பாலித்தீன் புரொப்பிலீனாகவும், பாலிபுரொப்பிலீன் புரொப்பிலீனும் ஐசோபியூட்டிலீனுமாகவும் மாறின. இரண்டும் கலந்த நிலையிலும் ஏறத்தாழ 90 விழுக்காடு பயன் கிடைத்தது. புரொப்பிலீன் கிடைத்தால் புதிய பிளாஸ்டிக்கை மீண்டும் செய்யலாம். அதற்கெனக் கச்சா எண்ணெயை நாட வேண்டியதில்லை. இது ஆய்வுக்கூடத்தில் கண்ட வெற்றி என்பதையும் மறந்துவிடலாகாது.

தண்ணீர் பாட்டில் செய்யப்படும் 'பெட்' வேறு இனம். பாலியஸ்டர் சட்டைத் துணியும் அதுவேதான். அதன் மணிகளுக்கிடையே ஆக்சிஜன் கொண்ட இணைப்பு இருப்பதால் அறுப்பது எளிது. 2016இல் ஜப்பானின் சாக்காய் நகரில், பாட்டில் மறுசுழற்சி ஆலையருகே எடுத்த மாதிரியில், பெட்டையே உணவாக்கிக்கொள்ளும் நுண்ணுயிர் கண்டறியப்பட்டது. 2020இல் பிரான்சின் கார்பியோஸ் நிறுவனமும் துலூஸ் நகர அறிஞர்களும், இலைமக்கில் முன்னர்க் கிடைத்திருந்த ஒரு நொதியைச் செப்பனிட்டு, 72 டிகிரி வெப்பத்தில் 10 மணி நேரத்தில் பெட்டில் 90 விழுக்காட்டைப் பிரித்துக் காட்டினர். அமெரிக்காவின் கிங்ஸ்போர்ட்டில் ஈஸ்ட்மேன் நிறுவனம், மெத்தனாலைக் கொண்டு பாலியஸ்டரைப் பிரிக்கும் பேராலையை 2024இல் இயக்கத் தொடங்கியது.

சாவி நம் கையிலும் உண்டு

ஒரு பூட்டுக்குரிய சாவி மற்றொரு பூட்டைத் திறப்பதில்லை. பெட்டை அறுக்கும் நொதி பாலித்தீனைத் தீண்டாது. பெர்க்லியின் வினையூக்கியோ, பெட்டும் பி.வி.சி.யும் சிறிதளவு கலந்தாலே தளர்ந்துவிடுகிறது. பி.வி.சி.யிலுள்ள குளோரின், சூட்டில் அமிலமாக வெளியேறி வினையூக்கியைக் கெடுப்பதோடு ஆலையின் குழாய்களையும் அரிக்கும். உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய நொறுக்குத்தீனிப் பைகளோ பிரிப்பதற்கே கடினமானவை.

ஆகவே எத்துணை அரிய வினையூக்கி வந்தாலும், குப்பை வகை பிரிந்து வந்தால்தான் அதனால் பயனுண்டு. அந்த வேலையின் முதற்படி ஆலையில் அன்று, நம் அடுப்பங்கரையில் தொடங்குகிறது. பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் பொறித்திருப்பதைப் பாருங்கள். 1 என்றால் பெட். 2, 4 என்றால் பாலித்தீன். 3 என்றால் பி.வி.சி.; 5 என்றால் பாலிபுரொப்பிலீன். குழந்தைகளுக்கு இதைக் கற்றுக் கொடுத்தால் அவர்கள் விளையாட்டாகவே பிரித்துவிடுவார்கள். எண்ணெய்ப் பசையைக் கழுவி, உலர்த்தி, தனித்தனிப் பைகளில் சேர்த்துப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுக்கலாம். கொல்லைப்புறத்தில் கொளுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். பி.வி.சி. எரியும் புகையில் அமிலமும், டயாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டு. அதை முதலில் சுவாசிப்பவர் நம் வீட்டுக் குழந்தைகளே.

அடுத்த கல்யாணத்திற்குப் பந்தல் போடும்போது வாசலில் இரண்டு சாக்குகளைக் கட்டிவையுங்கள். ஒன்று பாட்டிலுக்கு, மற்றொன்று பைகளுக்கு. செம்பும் தம்ளரும் வாடகைக்குக் கிடைத்தால் அந்தச் சாக்குகளுக்கும் வேலை குறையும். அறிஞர்கள் முடிச்சை அவிழ்க்கக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். முடிச்சுகளைச் சிக்கலாக்காமல் அவர்களிடம் அனுப்புவது நம் பொறுப்பு.