சதுரங்கப் பலகையின் எண்ணும் அல்பீரூனியின் சுருக்கு வழியும்

786 என்ற எண் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய அப்ஜத் பெறுமானங்களின் கூட்டுத்தொகை அது. அதே அப்ஜத் எழுத்துகளால்தான் முஸ்லிம் வானியலாளர் தம் அட்டவணைகளையும் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான அல்பீரூனியின் பெயரை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அவர் போட்ட கணக்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் வாய் அடைத்துப் போகிறது. ஒன்றையாவது பார்ப்போம்.

சதுரங்கத்தைக் கண்டுபிடித்த ஸிஸ்ஸா அரசனிடம் கேட்ட பரிசை 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் எழுதியிருக்கிறார். முதற் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு 2, பிறகு 4, 8 என 64 கட்டமும் இரட்டிக்க வேண்டும். மொத்தம் 18,446,744,073,709,551,615. ஓர் அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தாலும் இது 46,000 கோடி தொன்; இன்றைய உலகத்தின் ஏறக்குறைய 900 ஆண்டு அரிசி விளைச்சல்.

64 கட்டத்தையும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டுமா? 1000ஆம் ஆண்டளவில் எழுதிய ‘அல் ஆஸாருல் பாகியா’வில் அல்பீரூனி காட்டும் வழி வேறு. எந்தக் கட்டத்திலும் உள்ள எண், அதற்கு முந்திய கட்டங்களின் மொத்தத்தைவிட ஒன்று கூட. 1, 2, 4 மூன்றும் சேர்ந்து 7. அடுத்த கட்டம் 8. ஆகவே 65ஆவது கட்டம் ஒன்று இருந்தால், அதில் 1 கழித்தால் விடை. அந்தக் கட்டத்துக்குப் போக வர்க்கம் போதும்: 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296. இன்னுமொரு வர்க்கம், வந்துவிட்டது. 63 தடவை இரட்டிக்கும் வேலை ஆறு பெருக்கலில் முடிகிறது.

இதே வர்க்கங்கள் எண்ணின் காரணிகளையும் காட்டித் தருகின்றன. 16இன் வர்க்கம் 256. அதில் 1 போனால் 255, அதாவது 15 × 17. இப்படியே பிரித்துக்கொண்டு போனால் நம் எண் 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297 ஆகிறது. கடைசி எண்ணும் முதன்மை எண்ணே என்று பெர்மா நினைத்திருந்தார். அது 641 × 6,700,417 என்று 1732இல் ஒயிலர் காட்டினார். ஆக, ஏழு வெவ்வேறு முதன்மைக் காரணிகள். அதனால் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. பலகையின் எட்டாவது கட்டத்தில் இருப்பதும் 128தான்!

‘கணக்கு எனக்குச் சரிவராது சேர்’ என்னும் பிள்ளையிடம் இந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 87. ஆகவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. கடைசி இலக்கம் 5. ஆகவே 5ஆல் வகுபடும். இதற்கு ஆண்டு ஆறு படிப்பே போதும்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீடும் கடையும் கிதாபுகளும் அப்படியே கிடக்க வெளியேறினோம். கற்றுத் தெளிந்த ஒரு வழிமுறையை அப்படி யாரும் பறிக்க முடியாது. முன்னோரின் பெயரோடு அந்த வழிமுறையையும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.