நாடுகாணியில் ஒரு வீடு விலைக்கு

கூடலூரிலிருந்து தேவாலாவுக்குச் செல்லும் சாலையினின்று நிலம்பூருக்கு இறங்கும் மலைப்பாதை பிரிகிற நாடுகாணியில், முற்றத்துப் பலாவும் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியும் பின்புறத்துக் காப்பிச் செடிகளுமாகத் தலைமுறைகள் வாழ்ந்த ஓட்டு வீடொன்றை, பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஸ்திரமாகக் குடியேறிவிட்ட காரணத்தால் பெரியவர்கள் விற்க முற்படும்பொழுது, வாங்க வருகிறவர் சுவரையும் கூரையையும் பார்ப்பதற்கு முன்னரே, "பட்டா நிலமா, செக்‌ஷன் 17-ஆ?" என்று கேட்டுவிடுகிறார். பதில் இரண்டாவதாக இருந்தால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுபோகிறது.

உதகையிலும் குன்னூரிலும் எழாத இக்கேள்வி இங்கே எழுவதற்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. இப்பிரதேசம் பழைய வயநாட்டின் தென்கிழக்குப் பகுதி. 1877-இல்தான் மலபார் ஜில்லாவிலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. மலபார் சம்பிரதாயப்படி மண்ணின் ஜன்ம பாத்தியதை, அதாவது பரம்பரை உடைமை, நிலம்பூர் கோவிலகத்தாருக்கு இருந்தது. ஆங்கிலத் தோட்ட முதலாளிகள் அவர்களிடம் குத்தகை பெற்றே காப்பியும் தேயிலையும் பயிரிட்டார்கள். பிற்காலத்தில் கேரளத்திலிருந்து விவசாயிகளும், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்த் தொழிலாளரும் வந்து, காடு திருத்தி வீடு கட்டிக்கொண்டார்கள்.

ஜன்ம முறையை ஒழித்து நிலத்தை, பயிர்செய்பவர் நேரே அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரியாக மாற்றத் தமிழக அரசு 1969-இல் இயற்றிய சட்டம், 1974 நவம்பர் 27-இல் அமலுக்கு வந்தது. நேரடியாகப் பயிர்செய்தவர்களுக்கு 8, 9, 10 ஆகிய பிரிவுகளின்கீழ் பட்டா கிடைக்க வழி பிறந்தது. தோட்டக் குத்தகை நிலங்களோ அவ்வழி இல்லாத 17-ஆம் பிரிவில் அடங்கின. சட்டத்தை எதிர்த்துத் தோட்டக் கம்பெனிகள் தொடுத்த வழக்கில், காடுகளை அரசு எடுத்துக்கொள்வதை 1972-இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. பின்னர் 1974-இல் பார்லிமெண்ட் 34-ஆவது திருத்தத்தால் இச்சட்டத்தை அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணைக்குள் வைத்தது. அதனின்று கிளைத்ததே, ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரி 11-இல் அளித்த ஐ.ஆர். கொய்லோ தீர்ப்பு. ஒன்பதாம் அட்டவணையில் வைத்த சட்டமும் சாசனத்தின் அடிப்படை அமைப்பைச் சிதைக்கலாகாது என்ற அந்த மகத்தான விதியைத் தேசம் முழுவதும் மாணவர்கள் பயில்கிறார்கள். அது கூடலூர் மண்ணிலிருந்து முளைத்தது என்பதை இம்மலைவாசிகளிலேயே எத்தனை பேர் அறிவார்கள்!

சாசனப் பிரச்சினை தீர்ந்தது. வீட்டுக்காரர் பிரச்சினை தீரவில்லை. பிரிவு 17-க்கு உட்பட்ட மண்ணில் நிற்கும் வீட்டுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத இடத்தின் பேரில் பாங்குகள் கடன் தருவதில்லை. மின் இணைப்புக்கே நெடுங்காலம் மன்றாட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டை விற்கிறவர், உண்மையில், சுவரையும் தம் அநுபவத்தையும் மட்டுமே கைமாற்றுகிறார். பல நூறு ஏக்கர் குத்தகைத் தோட்டத்தையும், அதன் ஓரத்தில் சில சென்ட்டில் வாழும் ஏழைக் குடும்பத்தையும் ஒரே பிரிவுக்குள் பூட்டிவைத்திருப்பது நியாயமன்று என்றே நான் கருதுகிறேன். வனத்தைக் காப்பது அவசியம். ஆயினும் குடியிருப்பு மனைகளைத் தோட்டங்களினின்று பிரித்து அளந்து முடிவு கூறுவது அதற்குத் தடையாகாது.

அதுவரை, இம்மலைச்சரிவில் வீடு வாங்க நினைப்பவர்கள் வில்லங்கச் சான்றிதழோடு திருப்தியடையாமல், சர்வே எண்ணைத் தாலுகா அலுவலகத்தில் காட்டி, நிலம் எந்தப் பிரிவில் அடங்கியது என்று கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.