ஸ்ரியறிங் கடைசியில்: வீட்டுக் கார்ப்பந்தயத்துக்கு எதை முதலில் வாங்குவது?

கடந்த மாத நிகழ்ச்சியில், வீட்டுக்குள் இருந்தபடி கணினியில் ஓடும் கார்ப்பந்தயத்தைப் பற்றிப் பத்து நிமிடம்தான் கதைத்தேன். வருமானவரிக் காலத்தில்கூட எனக்கு அவ்வளவு அழைப்பு வந்ததில்லை. ஒரு தாயார் கேட்டார்: "அண்ணை, என்ரை மகன் ஆயிரம் டொலருக்கு ஒரு ஸ்ரியறிங் கேட்கிறான். கார் இல்லாத பிள்ளைக்கு என்னத்துக்கு ஸ்ரியறிங்?" நியாயமான கேள்வி. அன்று நேரம் போதாமல் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடத்துக்கு வந்தபின், எங்கள் வீடுகளில் கார்ப்பந்தயம் புதிதாகக் கதைபடும் விடயமாகிவிட்டது. 2005 இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் போர்முலா வண் ஓடியதை நினைவு வைத்திருக்கும் தகப்பன்மாரும் இருக்கிறார்கள். இங்கே அஜக்ஸில் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. 401 இல் கிழக்கே போய் போமன்வில்லில் வடக்கே திரும்பினால், பழைய பெயரில் மொஸ்போட், 2012 முதல் கனேடியன் ரயர் மோட்டர்ஸ்போட் பார்க். 1961 இல் திறந்த ஓடுபாதை. கனடாவின் முதலாவது போர்முலா வண் கிராண்ட் பிறீ 1967 இல் அங்கேதான் நடந்தது. அதே பாதை, அதே மேடு பள்ளத்தோடு, ஐறேசிங் என்ற சிமுலேற்றரில் இருக்கிறது. எங்கள் பேஸ்மென்றில் என் மகன் ஒவ்வொரு இரவும் ஓடுவது அந்தப் பாதையில்தான்.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. மகன் அனுமதி தந்துதான் எழுதுகிறேன்.

அவனிடம் 200 டொலருக்கு வாங்கிய பாவித்த லொஜிரெக் ஜி29 ஒன்று இருந்தது. ஸ்ரியறிங்கும் மூன்று பெடலும் சேர்ந்த செற். அதைப் படிக்கிற மேசையில் பூட்டி, சில்லு வைத்த கதிரையில் இருந்து ஓடினான். நேரம் குறையவில்லை என்று, எங்களுக்குச் சொல்லாமல் கடனட்டையில் 1,150 டொலருக்குப் பலமான மோட்டார் வைத்த புது ஸ்ரியறிங் ஒன்றை வாங்கிவிட்டான். மூன்றாவது கிழமை மேசை வெடித்தது. மரத்தூளை ஒட்டிச் செய்த மேசை, அந்த இழுவையைத் தாங்கவில்லை. அதைவிடப் பெரிய துக்கம் அவனுக்கு என்னவென்றால், சுற்று நேரம் அரைச் செக்கன்கூடக் குறையவில்லை.

எனக்கு விடயம் தெரிய வந்தது ஐந்து மாதம் கழித்து, தபாலில் வந்த அட்டைக் கணக்கில். 20 வீத வட்டி, ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். 1,150 டொலருக்கு மாதம் ஏறக்குறைய 19 டொலர் வட்டி. ஸ்ரியறிங்கைத் திரும்ப விற்றபோது கிடைத்தது 800. ஆக 350 நட்டம், வட்டி 90 க்கும் மேல்.

முதலில் சத்தம் போட்டேன் என்பதை ஒளிக்கவில்லை. வந்த புதிதில் ஸ்காபரோவில் மூன்று குடும்பம் ஒரு வீட்டில் இருந்து, இரண்டாம் கை வின்ரர் கோற் வாங்க மூன்று கடை ஏறி இறங்கிய ஆள் நான். "அப்பா, உங்களுக்கு இது விளங்காது" என்றான். "விளங்கப்படுத்து தம்பி, கேட்கிறன்" என்று அந்த வெடித்த மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்று தொடங்கிய விசாரணையின் முடிவுதான் கீழே வருவது.

அவன் விட்ட பிழை, காசு செலவழித்தது அல்ல. வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததுதான். ஒரு பொருளின் பலன் அதைத் தாங்கும் மற்றப் பொருளில் தங்கியிருக்கிறது. பலமான ஸ்ரியறிங்குக்கு அசையாத தாங்கி வேண்டும். நல்ல பிறேக்குக்குப் பின்னே போகாத கதிரை வேண்டும். இவை இல்லாமல் மேலே உள்ளதை வாங்கினால், கூரையை வாங்கிவிட்டுச் சுவருக்குக் கல் தேடுகிற கதைதான்.

எனவே முதலில் கதிரை. இதற்கு முதற்படி இலவசம். கதிரைச் சில்லுகளைப் பழைய சப்பாத்துகளுக்குள் இறக்கிவிடுங்கள். சிரிக்க வேண்டாம், உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள். பெடலைச் சுவரோடு முட்டவைத்தால் அதுவும் நகராது. இரண்டு கிழமை இப்படி ஓடிப் பார்த்து, பிள்ளைக்கு ஆசை நிலைக்கிறதா என்று பாருங்கள். நிலைத்தால், மடிக்கக்கூடிய பந்தயக் கதிரை ஒன்றைப் பாவித்ததாக எடுக்கலாம். பேஸ்மென்றில் ஆட்களை வாடகைக்கு வைத்திருப்பவர்களுக்கு மடிக்கிற வகைதான் வசதி. நாங்கள் 180 டொலர் கொடுத்தோம். சிலர் பழைய கார் உடைக்கும் இடத்தில் கார் சீற்றைக் கழற்றி வருகிறார்கள். மலிவுதான், ஆனால் புதிய கார்களின் சீற்றுக்குள் பக்கவாட்டு எயார்பாக் இருக்கும். வெடிமருந்து உள்ள சாமான் அது. அப்படிப்பட்ட சீற்றை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

அடுத்தது பிறேக். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விடயமும் இங்கேதான் இருக்கிறது.

ஜி29 போன்ற செற்றில் உள்ள பிறேக், நீங்கள் பெடலை எவ்வளவு தூரம் தள்ளினீர்கள் என்பதை அளக்கிறது. உண்மையான காரில் அப்படி இல்லை. பெடல் கொஞ்சத் தூரம் போனபின் கல்லுப் போல நிற்கும், அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதுதான் கணக்கு. எங்கள் காலுக்கு அழுத்தம் நினைவிருக்கும், தூரம் அவ்வளவு நினைவிராது. வீட்டில் பாக்கு வெட்டிய கிழவிகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எத்தனை அங்குலம் அமத்தினோம் என்று சொல்லமாட்டார்கள், எவ்வளவு பலம் கொடுத்தோம் என்று கைக்குத் தெரியும். "லோட் செல்" என்று சொல்லும் பெடல்கள் அழுத்தத்தையே அளக்கின்றன. உள்ளே ஒரு உலோகத் துண்டு, பாரம் ஏறும்போது அது மிகச் சிறிதாக வளையும், அந்த வளைவை மின்சாரத்தால் அளப்பார்கள். கடையில் சாமான் நிறுக்கும் மின் தராசும் அதே முறைதான்.

மொஸ்போட்டின் ஐந்தாவது திருப்பத்துக்கு மொஸ் கோர்னர் என்று பெயர், ஸ்ரேலிங் மொஸ் என்ற பழைய பந்தய வீரரின் பெயர். இறக்கத்தில் வேகமாக வந்து, ஏற்றத்தில் பிறேக் பிடித்து, வலப்பக்கம் இரண்டு முறை வளைய வேண்டிய இடம். அங்கே பிறேக்கை முதலில் முழுப் பலத்தோடு அழுத்தி, பிறகு கார் திரும்பத் திரும்ப மெல்ல மெல்ல விடவேண்டும். அந்த விடுகிற வேலையில்தான் நேரம் இருக்கிறது. பழைய பெடலில் என் மகனுக்கு ஒரு முறை சில்லு இறுகி வழுக்கும், அடுத்த முறை பயத்தில் குறைவாகப் பிடித்து அகலப் போவான்.

கணக்காளன் என்ற முறையில் அவனிடம் ஒரு கொப்பி கொடுத்தேன். தொடர்ந்து பத்துச் சுற்று ஓடு, பத்து நேரத்தையும் எழுது, ஆகத் திறமானதற்கும் ஆக மோசமானதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார். முதல் இரவு வித்தியாசம் நாலு செக்கனுக்கு மேல். ஒருவன் தன் சொந்த நேரத்தையே நாலு செக்கனால் தவறவிடும்போது, ஸ்ரியறிங் மோட்டாரைக் குற்றம் சொல்ல முடியாது. பாவித்த திறஸ்ற்மாஸ்ரர் ரி-எல்சிஎம் பெடல், லோட் செல் உள்ளது, 170 டொலருக்குக் கிடைத்தது. ஒரு மாதத்தில் வித்தியாசம் ஒன்றரைச் செக்கனுக்குள் வந்தது. முதல் கிழமை மட்டும் "கால் நோகுது" என்று முறைப்பாடு. அழுத்தம் அப்படி. அதனால்தான் கதிரை முதலில் என்றேன், சில்லுக் கதிரையில் இந்தப் பிறேக்கை மிதித்தால் ஆள் பின்சுவரில் நிற்பார்.

ஒரு எச்சரிக்கை. கணினியில் ஓடுபவர்கள் பெடலை யூஎஸ்பியால் தனியாகப் பூட்டலாம், ஸ்ரியறிங் எந்த நிறுவனமாக இருந்தாலும் பரவாயில்லை. பிளேஸ்ரேஷன், எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அப்படி இல்லை. அங்கே பெடல் ஸ்ரியறிங்கின் அடிப்பெட்டி வழியாகத்தான் போகவேண்டும், ஆகவே பெரும்பாலும் ஒரே நிறுவனத்துச் சாமானாக இருக்க வேண்டும். ஜி29 பிளேஸ்ரேஷனுக்கு, அதன் சகோதரம் ஜி920 எக்ஸ்பொக்ஸுக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. பிறந்தநாளுக்கு மாறி வாங்கிக்கொடுத்துவிட்டு முழித்த பெரியப்பா ஒருவரை எனக்குத் தெரியும்.

திரையைப் பற்றி. புதுசு வாங்க முதல், இருப்பதைக் கிட்டக் கொண்டுவாருங்கள். 27 அங்குலத் திரை ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் அகலம். ஒரு மீற்றர் தூரத்தில் இருந்து பார்த்தால், கண்ணுக்கு அது 33 பாகை அகலம்தான். 60 சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கொண்டுவந்தால் 53 பாகை. ஒரு சதம் செலவில்லாமல் உலகம் பெரிதாகிவிட்டது. பிறகு விளையாட்டின் அமைப்பில் "பீல்ட் ஒப் வியூ" என்ற எண்ணை அதற்கேற்ப மாற்ற வேண்டும். சில விளையாட்டுகள் அகலத்தைக் கேட்கும், சில உயரத்தைக் கேட்கும், கவனம். சரியாக வைத்தால் ஆரம்பத்தில் கார் மெதுவாகப் போவதுபோல இருக்கும், ஆனால் திருப்பம் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குச் சரியாகப் படும். எங்களுக்குச் செலவானது திரையை ஸ்ரியறிங்குக்குப் பின்னால் நிறுத்த ஒரு கால், 35 டொலர். மூன்று திரை, வீஆர் கண்ணாடி எல்லாம் பிறகு பார்க்கலாம். அவற்றை இழுக்கக் கணினியும் புதிதாக வேண்டும், அந்தச் செலவை யாரும் முதலில் சொல்லமாட்டார்கள்.

கூட்டிப் பாருங்கள்: 180, 170, 35. மொத்தம் 385 டொலர். நட்டமும் வட்டியுமாகப் போனது 440.

கடைசியாக ஸ்ரியறிங். ஜி29 இன் மோட்டார் பல்லுச்சக்கரத்தால் வேலை செய்வது, இழுவை ஏறக்குறைய 2 நியூற்றன் மீற்றர். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஸ்ரியறிங் விளிம்பில் அது ஒரு கிலோ நானூறு கிராம் பாரம் இழுப்பதுபோல. "டிறெக்ற் டிறைவ்" என்பதில் ஸ்ரியறிங் நேரே மோட்டார் அச்சில் நிற்கும், பல்லும் இல்லை, பெல்ற்றும் இல்லை. 8 நியூற்றன் மீற்றர் உள்ளது அதே விளிம்பில் ஐந்தரைக் கிலோ அளவு இழுக்கும். ரயர் பிடி விடுகிற நுணுக்கம் கைக்குத் தெரியும் என்பது உண்மை, அனுபவித்தும் பார்த்தேன். ஆனால் அது வேகத்தை விடச் சுகத்துக்கான செலவு. இருக்கும் ஸ்ரியறிங்கில் பல பிள்ளைகள் விசையை முழுக்க ஏற்றி வைத்திருப்பார்கள். அப்படி ஏற்றினால் மோட்டார் தன் எல்லையில் முட்டி நின்று, சின்ன அதிர்வுகள் எல்லாம் காணாமல் போய்விடும். கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், புதுச் சாமான் வாங்கியதுபோல இருக்கும்.

வாங்கும்போது நிறுவனத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். பெயர்பெற்ற பனாரெக்கின் தாய் நிறுவனம் 2024 இல் முறிவு நிலைக்குப் போய், அதே ஆண்டில் கோர்செயார் அதை வாங்கியது. நல்ல சாமான் செய்யும் நிறுவனத்துக்கும் ஐந்தொகை உண்டு.

பாவித்ததை வாங்குவதைப் பற்றி ஒரு பந்தி. தனியாளிடம் பாவித்த சாமான் வாங்கினால் 13 வீத எச்எஸ்ரி இல்லை. முதல் உரிமையாளர் பெறுமானத் தேய்வின் பெரிய பங்கைச் சுமந்துவிட்டார். ஆனால் மின்சாரத்தில் பூட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம். ஸ்ரியறிங்கை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை திருப்புங்கள், உராயும் சத்தம் வந்தால் விடுங்கள். பெடலை மெதுவாக அழுத்தும்போது திரையில் அளவு துள்ளினால் உள்ளே தூசி அல்லது தேய்வு, அதைச் சொல்லி விலை குறைக்கலாம். மின் அடப்ரர் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். பிள்ளையைத் தனியே அனுப்பாமல் நீங்களும் போங்கள், எனக்கும் மகனுக்கும் அந்தக் கார்ப்பயணங்களில்தான் அதிகம் கதைக்கக் கிடைத்தது.

மென்பொருள் தனிக் கணக்கு. அசெற்றோ கோர்சா 2014 இல் வந்தது, ஒருமுறை காசு கட்டினால் சரி. ஐறேசிங் சந்தா முறை, கார்களுக்கும் பாதைகளுக்கும் மேலதிகமாகக் கட்டவேண்டும், அதுவும் அமெரிக்க டொலரில். இதை மின்சாரக் கட்டணம் போல மாதச் செலவில் எழுதுங்கள்.

அந்தத் தாயார் இன்னொன்றும் கேட்டார்: "இதைப் பழகி வீதியிலும் பறப்பானோ?" என் மகன் பேஸ்மென்றில் நூறு தரம் சுவரில் அடித்துவிட்டு, வெளியே வயோதிபர் மாதிரி ஓட்டுகிறான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் நான் உத்தரவாதம் தரமுடியாது. வீட்டில் சொல்லி வையுங்கள்: ஒன்ராறியோவில் 80 இற்குக் குறைந்த வேகவரம்புள்ள வீதியில் 40 கூட ஓடினாலே "ஸ்ரண்ற் டிறைவிங்". 2021 இல் இறுக்கிய சட்டப்படி, மறித்த இடத்திலேயே லைசென்ஸ் 30 நாளுக்கு நிறுத்தம், கார் 14 நாளுக்குப் பொலிஸ் வளவில். கார் தகப்பனின் பெயரில் இருந்தாலும் அதே கதைதான்.

இப்போது மகன் மாதம் 60 டொலர் ஒதுக்குகிறான். டிறெக்ற் டிறைவ் மறுபடியும் பட்டியலில் இருக்கிறது, இந்த முறை அதைத் தாங்கக் கதிரைச் சட்டம் இருக்கிறது, காசும் கையில் இருக்கும். நானும் ஞாயிறு பின்னேரங்களில் ஏறி இருக்கிறேன். மொஸ்போட்டில் அவனை விடப் பதினொரு செக்கன் பின்னால். கொப்பியில் என் பெயருக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கிறான்.

வாங்க நினைக்கும் சாமான்களின் பட்டியலோடும் விலையோடும் அடுத்த நிகழ்ச்சியில் அழையுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.