வினையாக்கிகளும் கைப்பேசிப் பேச்சும்: காக்ஸ் டவுன் தமிழை முன்வைத்துச் சில குறிப்புகள்

புதிய கருவிகள் ஒரு சமூகத்தினுள் நுழையும்போது அவற்றின் பெயர்களும் உடன் நுழைகின்றன என்பது யாவரும் அறிந்ததே. அப்பெயர்களைத் தாங்கி நிற்கும் வினைகள் எவை, அவை எந்த ஒழுங்கில் அமைகின்றன என்னும் வினா அத்துணைக் கவனம் பெறுவதில்லை. பல மொழிகள் அன்றாடம் உரசிக்கொள்ளும் ஓரிடத்தில் இவ்வினாவுக்கு விடை தேடுவது பயன் தரும். பெங்களூரின் காக்ஸ் டவுன் அத்தகையதோர் இடமாகும்.

1809-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையைப் பெங்களூருக்கு மாற்றியபோது, படையினருடன் வணிகரும் கைவினைஞரும் பணியாட்களுமாகத் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராய் வந்து குடியேறினர். 1947 வரை மைசூர் அரசின் ஆளுகைக்குப் புறம்பாக இருந்த இப்படைக்குடியிருப்பின் விரிவாக்கப் பகுதிகளுள் ஒன்றே காக்ஸ் டவுன். இங்குத் தமிழ் வீட்டுமொழியாகவும், கன்னடம் மாநில மொழியாகவும், தக்கணி உருது அண்டைவீட்டு மொழியாகவும், ஆங்கிலம் பள்ளி மொழியாகவும் வழங்குகின்றன; தெலுங்கும் உண்டு. ஒருவரே ஒரு நாளில் இவற்றுள் மூன்றையேனும் பேசுவது இயல்பு.

1. பெயர் ஒன்று, முடிபு மூன்று

தமிழ் ஆங்கில வினைகளைக் கடன் கொள்ளும்போது அவற்றின்மீது காலம் காட்டும் இடைநிலைகளையும் விகுதிகளையும் நேரடியாக ஏற்றுவதில்லை. ‘டவுன்லோடினான்’ என ஒருவரும் சொல்வதில்லை. ‘டவுன்லோட் பண்ணினான்’ என்பதே வழக்கு. ஆங்கிலத்தில் வினையாக நிற்பது தமிழில் பெயர்த்தன்மை எய்தி, ‘பண்ணு’ என்னும் வினையாக்கியைத் துணைக்கொள்கிறது. வடமொழிக் கடன்களில் நிலைமை வேறு. ‘யோசி’, ‘தியானி’, ‘பூசி’ முதலியன இகர ஈறு பெற்றுத் தமிழ் வினைகளாகவே ஆகி, ‘யோசித்தான்’ எனத் திரிபுகள் அனைத்தையும் ஏற்கின்றன. அவ்வாயில் ஆங்கிலத்திற்கு ஏறத்தாழ மூடப்பட்டுவிட்டது எனலாம். இணையத்தில் எழுதுவோர் ‘கூகுளித்தேன்’, ‘ட்வீட்டினார்’ என எழுதியதுண்டு. அவை பெரும்பாலும் நகைச்சுவைக் குறிப்புடனேயே வழங்கின.

கன்னடமும் தக்கணியும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. தமிழில் ‘பண்ணு’ நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ‘மாடு’ நிற்கிறது, தக்கணியில் ‘கர்’ நிற்கிறது. பெங்களூரின் அடையாளமாகவே ஆகிவிட்ட ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்னும் தொடரைத் தமிழில் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவிடலாம். (‘மாடு’, ‘மாடி’ ஆகிய ஏவல்கள் புதிதாக வரும் தமிழருக்கு விலங்கையும் மேல்தளத்தையும் நினைவூட்டி நகைப்பூட்டுவது வேறு செய்தி.)

இவ்வொற்றுமை கைப்பேசியில் குழுவாக ஆடும் விளையாட்டுகளில் மிகத் தெளிவாகப் புலனாகிறது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதன் இந்திய வடிவம் 2021 சூலையில் வெளிவந்து, 2022 சூலையில் பதிவிறக்கத் தளங்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டது. இவ்வகை விளையாட்டில் நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து, காதுக் கருவி வழியே இடைவிடாது பேசிக்கொண்டு ஆடுகின்றனர். நால்வரும் ஒரே மொழியினராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்தம் பேச்சில் அமையும் தொடர்கள் பின்வருமாறு:

(1) மச்சா, ரிவைவ் பண்ணு. (தமிழ்)
(2) மச்சா, ரிவைவ் மாடு. (கன்னடம்)
(3) மச்சா, ரிவைவ் கர். (தக்கணி)

விழுந்துகிடக்கும் தோழனை எழுப்பச் சொல்லும் ஏவல் இது. விளியும் செயற்பெயரும் மாறவில்லை. வினைமுடிபு ஒன்றே மொழியை அடையாளப்படுத்துகிறது. விளியும் கருதத்தக்கது. ‘மச்சான்’ என்னும் தமிழ் உறவுப்பெயர் விளியில் ஈறு கெட்டு ‘மச்சா’ என நிற்கும். தமிழரல்லாத பெங்களூர் இளைஞர் பெற்றுக்கொண்டது இவ்விளி வடிவத்தையே. எழுவாய் வடிவத்தை அன்று. உறவுமுறைப் பொருளும் அவர்களிடத்தில் இல்லை. கடன் வாங்குவோர் அகராதியிலிருந்து அன்று, காதில் விழுந்த பேச்சிலிருந்தே எடுத்துக்கொள்கின்றனர் என்பதற்கு இது நல்ல சான்று.

மகாராட்டிரத்தின் குப்வார் ஊரில் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றின் தொடரமைப்பு ஒன்றையொன்று நெருங்கியதைக் கம்பர்சும் வில்சனும் 1971-இல் விளக்கினர். அங்கு நூற்றாண்டுகளின் பழக்கம் அந்நெருக்கத்தை விளைவித்தது. காக்ஸ் டவுனில் தொடரமைப்பு முன்னரே ஒத்திருந்தமையால், ஆங்கிலப் பெயர்கள் மூன்று மொழிகளிலும் ஒரே இடத்தில் பொருந்திவிட்டன. எமனோ 1956-இல் இந்தியாவை ஒரு மொழிநிலமாகக் கண்ட பார்வை இங்கு நினைக்கத்தக்கது.

2. பண்ணுதலும் ஆதலும்

‘பண்ணு’ என்பதற்கு இணையாக ‘ஆகு’ நிற்கிறது. ‘நாக் பண்ணிட்டான்’ என்றால் ஒருவன் வீழ்த்தினான். ‘நாக் ஆயிட்டேன்’ என்றால் பேசுபவன் வீழ்ந்தான். ‘டவுன்லோட் பண்ணு – டவுன்லோட் ஆகு’, ‘டெலீட் பண்ணு – டெலீட் ஆகு’ என இவ்விணை ஒழுங்காக அமைகிறது. ‘ஹேங் ஆகு’ போன்றவற்றில் ‘ஆகு’ மட்டுமே இயல்பு. தன்வினை, பிறவினை வேறுபாட்டை மொழி எவ்வளவு எளிய கருவியால் கடன்சொற்களிலும் காத்துக்கொள்கிறது என்பது வியக்கத்தக்கது. கன்னடத்திலும் இரண்டாம் உறுப்பு ‘ஆகு’ என்பதே. இனச்சொல்லாதலின் இருமொழியாளருக்கு இங்கு மாற்ற வேண்டியது திரிபுகளை மட்டுமே.

மொழிபெயர்ப்பாளர் நின்று நோக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலக் கருவிச் செய்திகள் செயப்பாட்டு வினையில் வருகின்றன; தமிழாக்கமும் ‘படு’ சேர்த்து ‘கோப்பு நீக்கப்பட்டது’ என அமைகிறது. செயப்பாட்டு வினை செய்தவன் ஒருவன் உளன் என்பதை உட்கொண்டே நிற்பது. பெயர் சொல்லப்படாவிடினும் அவனுக்கு இடம் உண்டு. ‘டெலீட் ஆயிடுச்சு’ என்னும் பேச்சிலோ அவ்விடமே இல்லை. பயனர் தாமே நீக்கிய கோப்பு, கருவி தானே நீக்கிய கோப்பு, பிறரொருவர் நீக்கிய கோப்பு ஆகிய மூன்றையும் ‘நீக்கப்பட்டது’ என்ற ஒரே முடிபால் அறிவித்தால் படிப்பவர் யாரை வினவுவது? வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிந்த செய்தியாயின் இவ்வினா இலக்கண வினாவாக மட்டும் நிற்பதில்லை. ‘நீக்கினீர்கள்’, ‘நீங்கிவிட்டது’, ‘நீக்கப்பட்டது’ என்னும் மூன்றையும் வேறு வேறு சூழலுக்குரியனவாகக் கொள்ளும் வசதி தமிழில் உள்ளது. ஆங்கில வடிவம் ஒன்றாக இருப்பதால் அவ்வசதியைக் கைவிடுவது முறையன்று.

3. ஏற்றுதலும் இறக்குதலும்

கைப்பேசிகளில் விரைவான இணையம் பரவுமுன், பாட்டும் படமும் கைக்குக் கை மாறின. நினைவகச் சில்லைக் கடையில் கொடுத்து, ‘பாட்டு ஏத்திக் குடுங்க’ என்று கேட்பது ஊர்தோறும் வழக்கமாக இருந்தது. பின்னர் ஊடலைவழியும், ஷேரிட், சென்டர் முதலிய செயலிகள் வழியும் மாற்றம் நடந்தது. இவ்விரு செயலிகளும் 2020 சூன் 29 அன்று தடைசெய்யப்பெற்ற ஐம்பத்தொன்பதனுள் அடங்கியவை. கருவிகள் மறைந்தபோதும் ‘ஏத்து’ என்னும் வினை ஒன்றைச் சொல்லிச் செல்கிறது.

‘ஏற்று’ என்பது வண்டியில் சரக்கேற்றும் வினை. சில்லு வண்டி; பாட்டு சரக்கு. ஆகவே கணினியிலிருந்து தன் கருவிக்கு ஒன்று வந்தால் அது ‘ஏறுகிறது’. மின்னூட்டத்தையும் தமிழர் ‘சார்ஜ் ஏறுது’ என்றே சொல்கின்றனர்; அதுவும் கருவியினுள் புகுவதுதான். ஆங்கிலத்தின் உருவகம் வேறு. அங்கே தொலைவிலுள்ள வழங்கி மேலே இருக்கிறது, கருவி கீழே இருக்கிறது. கருவிக்கு வருவது இறக்கம், கருவியிலிருந்து போவது ஏற்றம். ‘பதிவிறக்கு’, ‘பதிவேற்று’ என்னும் ஆக்கங்கள் ஆங்கிலத்தின் மேல்கீழ் உருவகத்தை அப்படியே எடுத்துக்கொண்டவை.

இதன் விளைவு எளிதன்று. சில்லில் பாட்டு ஏற்றிப் பழகிய ஒருவருக்குப் ‘பதிவேற்று’ என்னும் பொத்தான், அப்படம் தம் கைப்பேசிக்கு வரும் என்றே பொருள்படக்கூடும். உண்மையில் அவர் தம் படத்தை வெளியே அனுப்புகிறார். தனிப்பட்ட படம் ஒன்று பொதுவெளிக்குச் செல்வதற்கு இவ்வளவு குழப்பம் போதும். அச்சொற்கள் இன்று வேரூன்றிவிட்டன. அவற்றை மாற்றுவது இயலாது. எனினும் அனுப்பும் செயலுக்கு ‘அனுப்பு’, பெறும் செயலுக்கு ‘பெறு’ என்று பொத்தானில் எழுதுவதற்கு எவ்விதத் தடையும் இல்லை.

‘பகிர்’ என்பதிலும் இத்தகைய நெருடல் ஒன்று உண்டு. பகிர்தல் பங்கிடுதலாகும், பகிர்ந்த சோறும் சொத்தும் குறையும். பகிர்ந்த படமோ குறையாது பெருகும். பேச்சில் பலர் ‘பகிர்’ என்னாது ‘ஷேர் பண்ணு’, ‘ஃபார்வர்ட் பண்ணு’, ‘அனுப்பு’, ‘போடு’ எனப் பிரித்து வழங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ‘ஸ்டேட்டஸ் போடு’ என்பதில் பலர் காண வைத்தலும், ‘அனுப்பு’ என்பதில் குறித்த ஒருவருக்குச் சேர்ப்பித்தலும் பொருளாகும். (‘பகிரங்கம்’ என்னும் சொல் இதனோடு தொடர்புடையதாகத் தோன்றினும், அது வடமொழி ‘பஹிரங்க’ என்பதன் திரிபேயாம்.)

4. ஆட்டம், விளையாட்டு, சூது

ஆங்கிலம் நான்கு சொற்களால் குறிப்பனவற்றுக்குத் தமிழில் ‘விளையாட்டு’ என்னும் ஒரே சொல் நிற்கிறது: குழந்தையின் பொழுதுபோக்கு, விதிகள் கொண்ட ஆட்டம், உடற்பயிற்சிப் போட்டி, திரைமுன் ஆடும் கைப்பேசி ஆட்டம். கன்னட மொழிபெயர்ப்பாளருக்கு ‘ஆட்ட’, ‘கிரீடெ’ என இரண்டு உள்ளன. காக்ஸ் டவுன் இளைஞரின் பேச்சில் ‘கேம் ஆடறான்’, ‘கேம் விளையாடறான்’ இரண்டையும் கேட்கலாம். முன்னது தமிழகத்திலும் ‘ரம்மி ஆடு’, ‘சீட்டாடு’ என வழங்குவதாகலின், கன்னடத்தின் செல்வாக்கு என ஒருதலையாகத் துணிய இயலாது.

சட்டத்தில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. கர்நாடகம் 2021-இல் காவல் சட்டத்தைத் திருத்திப் பணயம் வைக்கும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. 2022 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தின் உரிய பிரிவுகளைச் செல்லாதனவாக்கியது. தமிழ்நாட்டின் சட்டம் தன் பெயரிலேயே இணையவழிச் சூதாட்டத்தைத் தடைக்கும், இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குமுறைக்கும் உரியனவாகப் பிரிக்கிறது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் சட்டமோ மின்னணுப் போட்டி, பொழுதுபோக்கு ஆட்டம், பண ஆட்டம் என மூன்றாக வகுக்கிறது. முதலிரண்டும் ஊக்குவிக்கத்தக்கன, மூன்றாவது தடைக்குரியது. இம்மூன்றையும் ‘விளையாட்டு’ என்பதற்கு அடைகள் சேர்த்து மொழிபெயர்த்தால், தடைக்குரியதும் ஊக்கத்துக்குரியதும் தலைச்சொல்லால் ஒன்றாகிவிடும். ‘போட்டி’, ‘விளையாட்டு’, ‘பண ஆட்டம்’ எனத் தலைச்சொல்லையே வேறாக்குவது பொருத்தமாகத் தோன்றுகிறது. ‘ஆட்டம்’ என்பது ஏற்கெனவே ‘சூதாட்டம்’, ‘சீட்டாட்டம்’ என்பனவற்றில் பணயத்தின் சாயலைப் பெற்றிருத்தலின், மூன்றாம் வகைக்கு அதனை ஒதுக்குவதில் பேச்சு வழக்கும் துணைநிற்கும்.