பல்கலைக்கழகம் அறிவை மட்டும் தந்தால் போதுமா?

பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான். தோட்டத்தில் பால் வெட்டியும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தும் பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோர் அப்படிக் கேட்பது நியாயமே. பிடிபிடிஎன் கடனையும் கட்டியாக வேண்டும். ஆனால், இன்னொரு கேள்வியும் உண்டு. எது நல்லது, யாருக்கு நல்லது என்று பகுத்துப் பார்க்க அந்தப் படிப்பு கற்றுத் தருகிறதா?

திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரமும் அறிவுடைமைக்கு வேறோர் அதிகாரமும் உள்ளன. இரண்டும் ஒன்றல்ல என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை.

இதே கருத்தைப் பல்கலைக்கழகங்களை நோக்கி அழுத்தமாக வைத்தவர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறிவியல் தத்துவம் கற்பித்த நிக்கலஸ் மேக்ஸ்வெல். அறிவிலிருந்து மெய்யறிவுக்கு மாற வேண்டும் என்று வாதிடும் அவரது நூல் 1984-ல் வெளிவந்தது. அறிவியல் மனிதனின் ஆற்றலைப் பெருக்குகிறது. மருந்தும் அதிலிருந்துதான் வந்தது. அணுகுண்டும் அதிலிருந்துதான் வந்தது. ஆற்றல் வளரும் அளவுக்கு அதை நல்வழியில் பயன்படுத்தும் தெளிவு வளராவிட்டால் ஆபத்து. எனவே, பல்கலைக்கழகம் மக்களின் வாழ்க்கைச் சிக்கல்களை முதலில் வைத்து, தீர்வுகளை முன்மொழிந்து, அவற்றின் நன்மை தீமைகளை அலச வேண்டும் என்கிறார் அவர்.

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அரசப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஒரு பொருளாதார வல்லுநர். கிராமத்து வறுமையை அளக்க, வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர். ஆளுக்கு ஒன்றுகூட இல்லாத வீடு ஏழை வீடு. ஹஜ் பயணத்திற்காகக் கிராம மக்கள் நிலத்தையும் மாட்டையும் விற்றுத் தவித்ததைக் கண்டு, 1959-ல் அவர் முன்வைத்த சேமிப்புத் திட்டமே பின்னர் தாபோங் ஹாஜி ஆனது.

அவரது ஆய்வு நம் வாழ்க்கையையும் தொட்டது. 1950-களில் பெருந்தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. வேலையோடு லயன் வீட்டையும் இழந்த தமிழ்க் குடும்பங்கள் பல. 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலை உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து பதிவு செய்தார். மறுபக்கம், துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது.

ஆய்வு சிக்கலை அளந்து காட்டியது. மக்கள் தங்கள் கையிருப்பைக் கொண்டு வழி தேடினார்கள். இவை இரண்டும் ஒரே இடத்தில் கைகோக்க வேண்டும் என்பதே மெய்யறிவைத் தேடும் பல்கலைக்கழகத்தின் பொருள்.

இன்று அதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. உள்நாட்டு உயர்கல்விக்கூடங்களில் 'சுலாம்' என்னும் சேவை வழிக் கற்றல் முறை உள்ளது. மாணவர்கள் ஒரு சமூகத்தின் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அந்த மக்களோடு சேர்ந்து பாடத்தின் பகுதியாகவே வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வந்தவர்களின் வீட்டுச் சிக்கலையோ, குறைந்த மாணவர்கள் உள்ள தமிழ்ப்பள்ளியின் நிலையையோ தங்கள் விரிவுரையாளரிடம் தலைப்பாக முன்வைக்கலாம். ஆலய நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடலாம்.

ஒன்று மட்டும் கவனம். படம் எடுத்துக்கொண்டு திரும்பும் ஒருநாள் நிகழ்ச்சி மெய்யறிவைத் தராது. மக்களிடம் கேட்டு, செய்து பார்த்து, தவறினால் திருத்திக்கொள்வதே அதைத் தரும்.

அடுத்த முறை விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளையிடம் "எத்தனை பாயிண்ட் எடுத்தாய்?" என்று கேட்ட பிறகு, "நீ படிப்பது யாருக்கு உதவும்?" என்றும் கேட்போம். அந்தக் கேள்வியை அவர்கள் வகுப்பறைக்குக் கொண்டு செல்லட்டும்.