பீரோ மேல் ஏறிய மெஷின்

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரில் என் மாமாவுக்குப் புடவை மொத்த வியாபாரம். சூரத்திலிருந்து பேல் பேலாகச் சரக்கு வந்து இறங்கும் ஊர். 'குட்டி சூரத்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. போன மார்கழியில் அவர் வீட்டில் இரண்டு நாள் தங்க வேண்டி வந்தது. முதல் நாள் ராத்திரி, பக்கத்து அறையிலிருந்து சீராக வந்துகொண்டிருந்த குறட்டை சட்டென்று நின்றது. நான் இருட்டில் எண்ணத் தொடங்கினேன். இருபது, இருபத்தொன்று... இருபத்தாறு வந்தபோது, கிணற்றில் முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு. பிறகு மறுபடியும் குறட்டை.

காலையில் காபியோடு கேட்டேன். "மெஷின் வாங்கினீங்களே மாமா, என்ன ஆச்சு?"

மாமா செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அத்தை பீரோவின் மேலே பார்த்தார். பழைய சூட்கேஸுக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் பை.

"நாப்பதாயிரம் ரூபா. பதினோரு நாள் போட்டாரு" என்றார் அத்தை.

எனக்கும் இந்த மெஷினோடு ஆறு வருஷப் பழக்கம். முதல் மாதத்தில் நானும் இரண்டு முறை அதைத் தூக்கிப் பரணில் போட்டவன்தான். அதனால் மாமாவிடம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. பையை இறக்கச் சொன்னேன்.

மாமாவுக்கு இருப்பது ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை மூடிக்கொள்கின்றன. மூச்சு பத்து விநாடிக்குக் குறையாமல் நிற்பதும் நன்றாகக் குறைவதுமாக மணிக்கு எத்தனை தடவை நடக்கிறது என்று கணக்கிடுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது. 30ஐத் தாண்டினால் கடுமையானது. பெங்களூரில் ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்ததில் மாமாவுக்கு 41 வந்திருந்தது. குறட்டை விடுகிறவர்களைக் கும்பகர்ணன் என்று கேலி செய்வோம். கும்பகர்ணனாவது ஆழ்ந்து தூங்கினான். இவர்கள் ராத்திரி முழுக்க ஆழத்துக்குப் போகாமல் மேலேயே தத்தளிக்கிறவர்கள். மூளை ஒவ்வொரு தடவையும் தட்டி எழுப்புகிறது. காலையில் தலை கனக்கிறது, பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறது. ரத்த அழுத்தம், இதயம் என்று அடுத்தடுத்து இழுத்துக்கொண்டு போகும் கோளாறு இது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் இறந்தபோது, மருத்துவமனை சொன்ன காரணங்களில் இந்தப் பெயர்தான் முன்னால் நின்றது.

இதற்காக மாமா வாங்கிய சிபாப் மெஷின் செய்வது எளிய வேலை. அறைக் காற்றை இழுத்து, லேசான அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்பி, தொண்டை மூடாமல் விரித்துப் பிடிக்கிறது. ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின் என்று பலர் நினைக்கிறார்கள். மாமாவின் கடைப் பையன்கள்கூட முதலாளிக்கு ஆக்சிஜன் வைத்திருப்பதாகப் பேசிக்கொண்டார்களாம். அவர் மெஷினைப் பீரோ மேல் ஏற்றியதில் அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

இதைக் கண்டுபிடித்தவர் காலின் சல்லிவன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். 1980இல் சிட்னியில், தொண்டையில் துளை போடும் அறுவைக்கு ஒத்துக்கொள்ளாத ஒரு நோயாளிக்கு, தூசி உறிஞ்சும் மெஷினின் மோட்டாரைத் திருப்பிவைத்துக் காற்றை மூக்குக்குள் செலுத்திப் பார்த்தார். மறு ஆண்டு 'லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வந்தது. அந்தக் காலத்து நோயாளிகள் ஒவ்வொரு ராத்திரியும் மாஸ்க்கைப் பசை போட்டு முகத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கினார்கள். இதைச் சொன்னதும் மாமா முதல்முறையாகச் சிரித்தார்.

சரி, மாஸ்க்கைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். போட்டார். பின்னந்தலைப் பட்டையைப் பிடித்து ஒரு இழு, கன்னத்துப் பட்டையைப் பிடித்து இன்னொரு இழு. முப்பது வருஷம் பேல் கட்டிய கை. மெஷினை ஓடவிட்டதும் காற்று மூக்குத்தண்டின் இரு பக்கமும் பீறிட்டு நேராகக் கண்ணுக்குள் அடித்தது. "பாத்தியா, இதுதான்" என்று இன்னும் ஒரு இழு இழுத்தார். சத்தம் கூடியது.

அங்கேதான் தப்பு. மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் சிலிகான், காற்று நிரம்பி மெத்தை மாதிரி உப்பி முகத்தில் படிய வேண்டியது. இறுக்கினால் அது மடங்கி நசுங்கும். நசுங்கிய இடத்தில் ஒழுகும். ஒழுகுகிறதே என்று மேலும் இறுக்குவார்கள். மூக்குத்தண்டில் புண் வரும். 2023 ஜூனில் அமெரிக்க அதிபர் பைடன் முகத்தில் பட்டைத் தழும்போடு வெளியே வந்தபோதுதான், அவர் சிபாப் பயன்படுத்துவதை வெள்ளை மாளிகை சொன்னது. லேசான தழும்பு காலையில் மறைந்துவிடும். தோல் சிவந்து வலித்தால் பட்டை அதிக இறுக்கம், அல்லது மாஸ்க் அளவு தப்பு.

மாமாவைப் படுக்கச் சொன்னேன். உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் முகம் படுத்தால் இருக்காது, கன்னம் இறங்கிவிடும். பட்டைகளைத் தளர்த்தி, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து, சிலிகான் உப்பியதும் மெல்லப் படியவைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல, ஒழுகல் நிற்கும் அளவுக்கு மட்டும் இழுத்தேன். சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. மீதி குறையவில்லை. காரணம் அப்புறம்தான் தெரிந்தது: மாஸ்க்கே பெரிது. ஜாக்கெட் துணி எண்பது சென்டி போதுமா, ஒரு மீட்டர் வேண்டுமா என்று ஆளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் மனிதர், தன் மூக்குக்கு அளவெடுக்காமல் மாஸ்க் வாங்கியிருக்கிறார். விற்றவர் பெங்களூரிலிருந்து கூரியரில் அனுப்பிவிட்டு, கன்னடம் பாதி தமிழ் பாதியாக வீடியோ காலில் விளக்கம் சொன்னதோடு சரி.

மூக்குத் துளையில் மட்டும் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று மூன்று வகை மாஸ்க் உண்டு. ஒவ்வொன்றிலும் சிறிது, நடு, பெரிது. பெரிய மீசை வைத்தவர்களுக்கு மூன்றாவது வகையில் சிலிகான் படியாது. மாமாவின் மீசை அந்த ரகம். இன்னொன்று எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த முகத்தில் எந்த மாஸ்க்கும் வழுக்கும், சிலிகானும் சீக்கிரம் கெடும். படுக்கும் முன் முகம் கழுவுவதும், காலையில் மாஸ்க்கை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துவதும் தினசரி வேலை.

அந்த மாஸ்க்கைக் கழுவும்போது ஒன்றைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பக்கத்துச் சின்னத் துளைகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டிய கறை. "அதுலயும் காத்து போச்சுடா, அடைச்சுப் பாத்தேன்." அந்தத் துளைகள் ஒழுகல் இல்லை. நாம் விடும் மூச்சு வெளியேறும் வழி அது. அடைத்தால் விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். எந்தக் காரணத்துக்கும் அதை மூடக்கூடாது.

"மூச்சு முட்டுது" என்பது எல்லோரும் சொல்லும் புகார். ஆனால் அதற்குள் இரண்டு எதிரெதிர் விஷயங்கள் இருக்கின்றன. சிலருக்குக் காற்று அதிகம். மூச்சை வெளியே விட முடியவில்லை. சிலருக்குக் காற்று போதவில்லை. மெஷினில் 'ராம்ப்' என்று ஒரு வசதி உண்டு: குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, தூக்கம் வரும் நேரத்தில் மெல்ல ஏறும். பெரும்பாலான மெஷின்களில் அது 4 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் தொடங்கும். பருத்த உடம்புக்காரர்களுக்கு அந்த 4, தலையணையை முகத்தில் வைத்த மாதிரி இருக்கும். தொடக்கத்தை 6 ஆகவோ 7 ஆகவோ உயர்த்தினால் சரியாகிவிடும். முதல் வகைக்காரர்களுக்கு, மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் வசதி தனியே இருக்கிறது. மருத்துவரோ விற்றவரோ ஐந்து நிமிடத்தில் மாற்றித் தரக்கூடியவை இவை. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சை அழுத்தத்தில் மட்டும் நாமாகக் கை வைக்கக்கூடாது. மாஸ்க் என்றாலே பயம் வருகிறவர்கள், ராத்திரிக்குக் காத்திருக்காமல் சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது அரை மணி போட்டுப் பழகலாம். நான் கிரிக்கெட் பார்த்துப் பழகினேன்.

வாய் உலர்ந்து நாக்கு அட்டையாகிவிடுகிறது என்றால், தூக்கத்தில் வாய் திறக்கிறது என்று அர்த்தம். மூக்கு அடைத்திருந்தால் வாய் திறக்கத்தான் செய்யும். முதலில் மூக்கைப் பாருங்கள்: உப்புநீர் ஸ்பிரே, அதற்கும் சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர். அதன் பிறகுதான் தாடைப் பட்டையும் பெரிய மாஸ்க்கும். வயிற்றில் காற்று புகுந்து உப்பி ஏப்பமாக வருகிறதென்றால் அது அழுத்தம் சம்பந்தப்பட்டது; மருத்துவரிடமே போக வேண்டும்.

உலர்வைத் தடுக்கத்தான் மெஷினோடு ஈரப்பதமூட்டி என்று ஒரு தண்ணீர் டப்பா வருகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடு கலந்த போர்த் தண்ணீருக்குப் பயந்துதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மாமாவின் டப்பாவின் அடியில் பதினோரே நாளில் வெள்ளைப் பொருக்கு. காய்ச்சிய தண்ணீர்தான் ஊற்றினோம் என்றார் அத்தை. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும். இதற்கு வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கிறார்களே, அது வேண்டாம்; மூச்சில் போவதற்கென்று செய்ததில்லை அது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். படிந்த பொருக்கு, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்தால் போய்விடும். மீந்த தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டு ராத்திரி புதிதாக ஊற்ற வேண்டும்.

குளிர்காலத்தில் இதே தண்ணீர் வேறு வேஷம் போடும். ஓசூர்ப் பக்கம் மார்கழி ராத்திரியில் குழாய்க்குள் ஆவி குளிர்ந்து நீராகிக் களக் களக்கென்று மூக்கில் வந்து அடிக்கும். மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வாக வைப்பதும், ஈரத்தின் அளவை ஒரு படி குறைப்பதும், குழாய்க்கு உறை போடுவதும் மருந்து. உறைக்குக் கடையில் தனிக் காசு கேட்கிறார்கள். அத்தை கட் பீஸ் ஃபிளானல் துணியில் அரை மணியில் தைத்துவிட்டார்.

மின்சாரம் போனால்? ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால் மெஷின் 30, 40 வாட்டில் ஓடிவிடும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு, மெஷின் மட்டும் என்றால் இரண்டு ராத்திரி ஒரு பொருட்டே இல்லை. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். பின்பக்க ஃபில்டரையும் மறக்கக்கூடாது. கிரானைட் லாரி போகும் ஊரில், பஞ்சுத் தூசி பறக்கும் தொழிலில், மாதம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

மாமாவுக்காவது கண் சொருகினால் கல்லாவோடு போயிற்று. கிருஷ்ணகிரியில் வந்து சேரும் நெடுஞ்சாலைகளில் ராத்திரி முழுக்க லாரி ஓட்டுகிறவருக்கு இந்த நோய் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயைக் கடந்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம். வண்டியிலேயே படுப்பவர்கள் மெஷினைப் பேட்டரியில் ஓட்ட முடியும். லாரியில் இருப்பது 24 வோல்ட் என்பதால், காருக்கான கன்வெர்ட்டரைச் செருகாமல் 24ஐயும் ஏற்பதாக வாங்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் பகலில் தூங்கினாலும் மாஸ்க் போட்டே தூங்க வேண்டும். தொண்டைக்கு ஷிப்ட் தெரியாது.

இறந்துபோன சொந்தக்காரரின் மெஷினை எடுத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் இருப்பது அவருடைய அழுத்தம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், ஒலி அடக்கும் நுரை உதிர்ந்து மூச்சில் கலக்கக்கூடும் என்று லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தது. பழைய மெஷின் கைக்கு வந்தால் அது அந்தப் பட்டியலில் உள்ளதா என்று மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் முகத்தில் வைக்காதீர்கள்.

மாமாவுக்குப் புது மாஸ்க் வாங்கிவிட்டோம், மூக்குத் துளையில் பொருந்தும் வகை, நடு அளவு. இப்போதும் விடியற்காலை நாலு மணிக்குக் கழற்றிப் போட்டுவிடுகிறார். இருந்தாலும் ஐந்து மணி நேரம் ஓடுகிறது. நாலரை வருஷம் ஹாலில் படுத்த அத்தை அறைக்குத் திரும்பிவிட்டார்.

உங்கள் வீட்டுப் பீரோ மேலும் ஒரு சாம்பல் நிறப் பை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல் மெஷினையும் மாஸ்க்கையும் பையோடு தூக்கிக்கொண்டு போங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு ஒழுகியது என்பதெல்லாம் அதற்குள் பதிவாகியிருக்கும். அவர் முன்னால் படுத்து, மாஸ்க்கைப் போட்டுக் காட்டுங்கள்.